கிறிஸ்தவ விசுவாசத்தில் கற்பனைக்கு இடம் உண்டா?

கேள்வி: "கிறிஸ்தவ விசுவாசத்திலும் இறையியலிலும் கற்பனைக்கு இடம் உண்டா? வேதத்தில் எழுதியிருப்பதோடு நிறுத்திக்கொள்வதுதானே சரி?"

இதைத் தமிழில் கேட்டால் முதலில் அந்தச் சொல்லே காலை வாருகிறது. நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) சபையில் வளர்ந்தவன். எங்கள் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் கற்பனை என்றால் கட்டளை. 'நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்' என்று சண்டே ஸ்கூலில் ஒப்பிப்போம். மறுநாள் பள்ளிக்கூடத்தில் தமிழ் சார் கற்பனைக் கட்டுரை எழுதச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைக் கற்பனையை மீறினால் பாவம், திங்கட்கிழமைக் கற்பனையில் எவ்வளவு புளுகினாலும் மார்க்கு.

நீங்கள் கேட்பது திங்கட்கிழமைக் கற்பனையைப் பற்றி. எங்கள் சபையில் அதன்மேல் பயம் உண்டு, காரணமில்லாமலும் இல்லை. 'இருதயத்து நினைவுகளின் தோற்றமெல்லாம்' பொல்லாதது என்கிறது ஆதியாகமம் 6:5. மனித மனம் ஓயாமல் விக்கிரகம் செய்யும் பட்டறை என்ற பொருளில் 16-ஆம் நூற்றாண்டிலேயே புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வின் எழுதிவிட்டார். லண்டன் மிஷன் வழிவந்த எங்கள் கோயில் சுவரில் ஒரு சிலுவையைத் தவிர எதுவும் கிடையாது. ஆனால் அதே கோயிலில் கண்ணை மூடி ஜெபிக்கும்போது என் மனசில் வந்து நின்றவர் யார் தெரியுமா? நகைக்கடைக் காலண்டரில் இருந்த நீலக்கண் இயேசு. சுவரை வெறுமையாக வைத்துவிடலாம், மண்டையை என்ன செய்வது?

பிறகு கடற்கரைக் கத்தோலிக்க வீட்டில் பெண் எடுத்தேன். (அந்தக் கல்யாணம் எப்படி நடந்தது என்பதை வேறு யாராவது கேள்வியாகக் கேட்டால் எழுதுகிறேன்.) முதல் கிறிஸ்துமஸுக்கு அங்கே குடில் கட்டினார்கள். தென்னோலைக் கூரை, கசக்கிச் சாயம் பூசிய காகிதப் பாறை, பத்து நாள் முன்பே சிரட்டையில் முளைக்கப்போட்ட கம்பு, வாசலில் ஒரு சின்ன வள்ளம். நான் சண்டே ஸ்கூல் வாத்தியார் இல்லையா, சும்மா இருக்க முடியவில்லை. "லூக்காவில் மாடும் கிடையாது, கழுதையும் கிடையாது" என்றேன். மச்சினன் கேட்டான்: "பின்ன தீவனத் தொட்டி எதுக்கு அத்தான் வந்துது?"

பதில் சொல்லத் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன். மாடும் கழுதையும் ஏசாயா 1:3-இலிருந்து வந்தவை. 'மாடு தன் எஜமானையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும்.' முன்னணை என்பது அந்தத் தீவனத் தொட்டிதான். ஆதிச் சபையார் லூக்காவின் முன்னணையைப் படிக்கும்போது ஏசாயாவின் முன்னணை அவர்கள் நினைவுக்கு வந்திருக்கிறது. இரண்டு வசனத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் குடிலில் நிற்கிற மாடு ஒரு வேத வியாக்கியானம்.

இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் இதையே ஒரு முறையாக வைத்திருக்கிறார். நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போகிற பாதை எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், சமதரையா மேடுபள்ளமா, இயேசு பிறந்த குகையின் கூரை தாழ்வா உயரமா என்றெல்லாம் மனக்கண்ணால் பார்க்கச் சொல்கிறார். பிறகு ஓர் ஏழை வேலைக்காரனாக நீயும் அங்கே நின்று என்ன தேவையோ அதைச் செய் என்கிறார். பாரிஸில் அவரிடமே 1534-இல் அந்தப் பயிற்சியை எடுத்தவர்தான் நம் கோட்டாறு சவேரியார். அடுத்த பத்தே வருஷத்தில் இந்தக் கரையில் நடந்துகொண்டிருந்தார்.

என்னைப் புரட்டிப்போட்டது குடில் அல்ல, கரைமடி. மத்தேயு 13-இல் பரலோகராஜ்யத்தை வலைக்கு ஒப்பிடும் உவமையைப் பல வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். நல்ல மீன் விசுவாசி, ஆகாத மீன் அவிசுவாசி, பாடம் முடிந்தது. ஒரு நாள் விடிகாலை மச்சினனோடு கரைமடி இழுக்கப் போனேன். ஒரு கயிற்றின் முனையைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் வலையை வளைத்துப் போட்டுவரும், மறுமுனை தூரத்தில் கரையேறும். இரண்டு பக்கமும் வரிசையாக நின்று, உடம்பைப் பின்னால் சாய்த்து, மணலில் குதிகாலை ஊன்றி இழுக்க வேண்டும். மணிக்கணக்காகும். உள்ளங்கை தோலுரிந்துவிட்டது. கடைசியில் மடி கரையேறியதும் எல்லாரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். நெத்திலி, சாளை, நண்டு, ஊதிப்போன பேத்தை, கொழகொழவென்று சொறிமீன், ஒரு ரப்பர் செருப்பு. அப்போதுதான் தரம்பிரிக்க ஆரம்பித்தார்கள்.

'கரையில் இழுத்து, உட்கார்ந்து' என்று மத்தேயுவில் இருக்கிறது. அந்த 'உட்கார்ந்து' அன்றுவரை என் கண்ணில் பட்டதே இல்லை. கயிற்றைப் பிடித்திருக்கிறவன் எவனுக்கும் மடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது, தண்ணீருக்குள் நின்று எவனும் மீன் பிரிப்பதும் இல்லை. உவமையிலும் பிரிப்பது முடிவில், அதுவும் தூதர்கள். நானோ பத்து வயசுப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். இறையியல் புத்தகத்தில் இதைப் படித்திருக்கலாம்தான். எனக்குக் கை தோலுரிந்த பிறகுதான் ஏறியது.

எல்லாக் கற்பனையும் நல்லது என்று சொல்ல வரவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு, கடற்கரை ஊர்களின்மேல் தேவன் அனுப்பிய தண்டனை அது என்று ஒருவர் பிரசங்கம் பண்ணியதை என் காதால் கேட்டேன். வசனத்தில் இல்லாததை அவரும் கற்பனைதான் செய்தார், ஆனால் அதை வியாக்கியானம் என்று சொல்லிக்கொண்டார். செத்துப்போனவர்களின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் அவர் யோசித்திருந்தால் அந்தப் பிரசங்கம் வந்திருக்காது. அவரிடம் கற்பனை கூடிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. குறைவாக இருந்தது.

மாமிக்கு வேதம் வாசித்துக் காட்டுவது என் வேலை. வெளிப்படுத்தின விசேஷம் 21-இல் புதிய வானம், புதிய பூமி, 'சமுத்திரமும் இல்லாமற்போயிற்று' என்று வாசித்ததும் நிறுத்தச் சொன்னார். "கடலு இல்லியா? பின்ன அங்க போயி என்ன சோலி மக்களே?" நாடுகடத்தப்பட்டு பத்மு தீவில் கிடந்து இதை எழுதிய யோவானுக்குக் கடல் ஒரு சிறைச்சுவர் மாதிரி இருந்திருக்கும் என்று விளக்கினேன். அவருக்கு ஒப்பவில்லை.

2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தது. மாமியின் தம்பி மகன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. சில மாதம் கழித்து, அந்தக் கடல் இல்லாத இடத்தை வாசி என்றார். நான் கொஞ்சம் முன்னாலிருந்தே தொடங்கினேன். 20:13-இல் 'சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது' என்று வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். அடுத்த அதிகாரத்தில் கடல் இல்லாமற்போவதை நினைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அப்போ, குடுத்துட்டுத்தான் போவுது. இல்லியா மக்களே?"