கொரோனா ஊரடங்கில் இங்கிலாந்தில் "உடற்பயிற்சிக்கு மட்டும் வெளியே போகலாம்" என்றார்களே, அந்த விதி நடைமுறையில் எப்படி இருந்தது?

கேள்வி கேட்டவர் அப்போது இந்தியாவில் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். அங்கே 2020 மார்ச் 25-லிருந்து காலை நடைக்கென்று வாசலைத் தாண்டவே வழியில்லை, தாண்டியவர்களுக்கு நடுரோட்டில் தோப்புக்கரணம். அதைப் பார்த்தவர்களுக்கு, "லண்டன்காரனுக்கு என்ன, பூங்காவில் ஜாலியாக ஓடிக்கொண்டிருந்தான்" என்று தோன்றுவது இயல்பு. என் சித்தப்பாவே போனில் அப்படித்தான் சொன்னார். முப்பது வயசுக்காரர்களுக்கு அது உண்மையும்கூட. மூட்டு தேய்ந்துபோன 72 வயது அம்மாவைக் கூட வைத்திருந்தவனுக்கு எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

முதலில் விதி. மார்ச் 23 இரவு அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் டிவியில் தோன்றி, வெளியே போக நான்கே காரணங்கள்தான் என்றார்: அத்தியாவசியப் பொருள் வாங்க, மருத்துவத் தேவைக்கு, வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலைக்கு, அப்புறம் நாளுக்கு ஒரு முறை உடற்பயிற்சிக்கு. எல்லோர் மனதிலும் பதிந்தது இந்த "ஒரு முறை"தான். ஆனால் 26-ம் தேதி வந்த சட்டத்தில், இங்கிலாந்தைப் பொறுத்தவரை, அந்த ஒரு முறைக் கணக்கே கிடையாது. வெளியே போக "நியாயமான காரணம்" வேண்டும், உடற்பயிற்சி அதில் ஒன்று, அவ்வளவுதான். வேல்ஸில் மட்டும் சட்டத்திலேயே ஒரு முறை என்று எழுதியிருந்தார்கள். நேர அளவும் சட்டத்தில் இல்லை. அமைச்சர் மைக்கேல் கோவ் ஒரு பேட்டியில், பெரும்பாலானவர்களுக்கு ஒரு மணி நேர நடை போதும் என்கிற மாதிரி சொல்லிவைக்க, மறுநாளே எங்கள் கட்டட வாட்ஸ்அப் குழுவில் அது சட்டமாகிவிட்டது. யார் எத்தனை மணிக்கு இறங்கினார்கள், எப்போது ஏறினார்கள் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்கு வைக்கிற ஆட்களும் முளைத்தார்கள். மீறினால் அபராதம் 60 பவுண்ட், 14 நாளுக்குள் கட்டினால் பாதி.

அம்மா ஜனவரியில் ஆறு மாத விசாவில் வந்திருந்தார். ஏப்ரல் கடைசியில் திரும்ப டிக்கெட். மார்ச்சிலேயே இந்தியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்திவிட்டது. எங்களுடையது மூன்றாவது மாடியில் இரண்டு அறை ஃபிளாட், தோட்டம், பால்கனி எதுவும் இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு, முட்டித் தேய்மானமும் உண்டு. நடக்காமல் விட்டால் மூட்டு இறுகிப்போகும், அதனால் தினமும் நடந்தே ஆகவேண்டும் என்று ஊர் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் ஒரே மூச்சில் நடக்க முடியாது. கொஞ்ச தூரம் நடப்பார், உட்காருவார், முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொள்வார், மறுபடி எழுந்திருப்பார். உட்காருவதும் அவர் நடையில் ஒரு பகுதி.

அங்கேதான் சிக்கல். பக்கத்துப் பூங்காவில் பாதி பெஞ்சுகளைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை டேப் ஒட்டிவிட்டார்கள். ஏரிப்பக்கம் ஒரு பெஞ்ச் மட்டும் தப்பியிருந்தது. ஏப்ரல் முதல் வாரம், நல்ல வெயில். அம்மா அதில் உட்கார்ந்திருந்தார், நான் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். இளையவர்தான் பேசினார். குரல் உயர்த்தவில்லை, அபராதமும் போடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "பூங்கா உடற்பயிற்சிக்காகத் திறந்திருக்கிறது, உட்காருவது உடற்பயிற்சி இல்லை, தயவுசெய்து நகருங்கள்" என்றார். முட்டி விஷயத்தைச் சொன்னேன். "அப்படியானால் வீட்டில் ஓய்வெடுப்பது நல்லது" என்றார்.

"என்னடா சொல்றாரு?" என்றார் அம்மா.

"உக்காரக் கூடாதாம்மா."

"உக்காந்தாத்தானேடா நடக்க முடியும்? அவங்க அம்மாவுக்கு முட்டி வலிச்சா என்ன பண்ணுவாராம், கேளு."

நான் கேட்கவில்லை. நிறத்தைப் பார்த்தே நம்மை இன்னொரு முறை பார்க்கிற ஊரில், சீருடைக்காரரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. கையைப் பிடித்து எழுப்பினேன். வாசல்வரை வருவதற்குள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல தடவை நின்றார். அன்று ராத்திரி, "நாளைக்கு வேண்டாம்டா" என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த இளைஞரைத் தனியாகக் குறை சொல்லவும் முடியாது. அந்த வாரக் கடைசியில்தான் தெற்கு லண்டனில் பிராக்வெல் பூங்காவில் ஒரே நாளில் 3,000 பேருக்கு மேல் கூடி, அதை ஒருநாள் மூடினார்கள். டெர்பிஷயர் போலீஸ், ஆளில்லாத மலைப்பக்கம் நடந்தவர்களை ட்ரோனில் படம்பிடித்து இணையத்தில் போட்டிருந்தது. எது குற்றம், எது இல்லை என்று அவர்களுக்கே குழப்பம். ஏப்ரல் நடுவில் போலீஸாருக்கென்று ஒரு விளக்கப் பட்டியல் வந்தது. காரில் போய் நடக்கலாமா? காரில் இருந்த நேரத்தைவிட நடந்த நேரம் மிக அதிகம் என்றால் சரி. நீண்ட நடையின் நடுவே ஓய்வெடுக்க, சாப்பிட நிற்கலாமா? சரி. கொஞ்சம் நடந்து பூங்கா பெஞ்சுக்குப் போய், நடந்ததைவிட ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தால்? அது நியாயமான காரணம் இல்லை. அதாவது பத்து மைல் நடக்கிற தெம்புள்ளவன் உட்காரலாம், நூறு அடிக்கே மூச்சு வாங்குகிறவள் உட்காரக் கூடாது. எழுதியவர்கள் வீட்டில் வயசானவர்களே கிடையாதா என்று தோன்றியது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் வழக்குப் போடப்போவதாகச் சொன்ன பிறகு, உடல்நலக் காரணம் இருந்தால் ஒரு முறைக்கு மேல் போகலாம் என்று ஏப்ரல் தொடக்கத்திலேயே அரசு வழிகாட்டுதலை மாற்றியது. முட்டிக்காரர்களுக்காக வழக்குப் போட ஆள் இல்லை.

இந்த இடத்தில் யாராவது வருவீர்கள் என்று தெரியும். "ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது உனக்கு பெஞ்ச் பெரிசா?" என்பீர்கள். என் மனைவி செவிலியர். வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே துணி மாற்றி நேராகக் குளியலறைக்குப் போவாள், அம்மா இருக்கும் அறைப் பக்கமே வரமாட்டாள். ஊரடங்கு தேவையா என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். "72 வயசுக்காரரை ஏன் வெளியே கூட்டிப்போனாய்?" என்பதற்கும் பதில் உண்டு. வீட்டைவிட்டு நகரவே வேண்டாம் என்ற கடிதம் கடுமையான நோய் உள்ளவர்களுக்குத்தான் போனது. எழுபதைத் தாண்டியவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், ஆனால் மற்றவர்களைப் போல உடற்பயிற்சிக்கு வெளியே வரலாம் என்பதுதான் விதி. அம்மா முகக்கவசம் போட்டிருந்தார், சுற்றி இருபது அடிக்கு ஒரு ஈ காக்கை இல்லை.

சரி, பிறகு என்ன செய்தோம்? ஊரில் என் பெரியம்மா மொட்டை மாடியில் எட்டு போட்டு நடந்துகொண்டிருந்தார். இங்கே மொட்டை மாடி ஏது. சோபாவைச் சுவரோடு தள்ளி, என் மகள் ஹால் கார்ப்பெட்டில் பெயிண்டர் டேப்பால் பெரிய எட்டு ஒன்று ஒட்டினாள். அம்மா அதில் சாப்பாட்டுக்குப் பின் சுற்றினார். முனைக்கு முனை ஒரு நாற்காலி. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கிச் சில நொடி நிறுத்தி இறக்குவது, சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, கைவைக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, இதெல்லாம் முட்டிக்கு வலு சேர்க்கிற பயிற்சிகள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இப்போதும் செய்யச் சொல்லலாம், வலித்தால் நிறுத்திவிட வேண்டும். காலை 9 மணிக்கு ஜோ விக்ஸ் என்ற உடற்பயிற்சியாளர் யூடியூபில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குதிக்கச் சொல்லித்தருவார். மகள் குதிக்க, அம்மா நாற்காலியில் இருந்தபடி கையை மட்டும் ஆட்டுவார். கீழ்வீட்டுக்காரர் சத்தம் என்று வாட்ஸ்அப்பில் புகார் போட்டார். வெளியே உட்கார்ந்தால் குற்றம், உள்ளே குதித்தால் குற்றம்.

மே 13-லிருந்து இங்கிலாந்தில் விதி தளர்ந்தது. எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம், பூங்காவில் சும்மா உட்காரலாம், வேறு வீட்டு ஆள் ஒருவரை இரண்டு மீட்டர் தள்ளிச் சந்திக்கலாம். அம்மாவை மறுபடி கிளப்ப எனக்குத்தான் பாடாகிவிட்டது. "யாராவது வந்து எழுப்புவாங்கடா" என்பார். அத்தனை வாரத்தில் கால்கள் மெலிந்தும் போயிருந்தன.

அதே மே 25-ம் தேதி, பிரதமரின் ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ், ஊரடங்கு நடுவே தான் வெளியூர் போனதை விளக்க, பிரதமர் இல்லத் தோட்டத்தில் மேஜை போட்டுப் பேட்டி கொடுத்தார். கண்பார்வையைச் சோதிக்க பார்னார்ட் காசில் என்ற ஊர் வரை கார் ஓட்டினேன் என்றதைத்தான் எல்லோரும் கிண்டலடித்தார்கள். எனக்குக் காதில் விழுந்தது வேறு. காரிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் நடந்துபோய் ஆற்றங்கரையில் ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்தோம் என்றார். ஏப்ரல் 12-ல் நடந்தது இது. அம்மாவை பெஞ்சிலிருந்து எழுப்பிய சில நாளில்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் கொரோனா என்றாலே எனக்கு ஞாபகம் வருவது இதுவும்: அந்த ஏப்ரல் டிக்கெட். விமானம் ரத்தானால் 7 நாளில் பணம் திருப்பித் தரவேண்டும் என்பது அப்போது இங்கே செல்லுபடியான ஐரோப்பிய விதி. டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜென்ட் விமான நிறுவனத்தைக் கேள் என்றார், அவர்கள் ஏஜென்டைக் கேள் என்றார்கள். கடைசியில் ஒரு வவுச்சர் வந்தது, ஒரு வருடத்துக்குள் அதே வழித்தடத்தில் பறக்க வேண்டுமாம். வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துப்போக இந்திய அரசு விட்ட வந்தே பாரத் விமானத்தில் புதிதாகக் காசு கட்டித்தான் அம்மாவை அனுப்பினேன். வவுச்சர் காலாவதியாகிவிட்டது. டெபிட் கார்டில் கட்டி இப்படி மாட்டிக்கொண்டு, பிறகு வங்கி வழியாகப் பணத்தை மீட்டவர்கள் யாராவது இருந்தால், எந்தக் காரணத்தை எழுதி விண்ணப்பித்தீர்கள் என்று சொல்லுங்கள்.