வாசகர் கேள்வி பதில்: பதினாறு வயதும் வாக்குச்சீட்டும்

கேள்வி: என் மகனுக்குப் போன மாதம் 16 நிறைந்தது. இப்போதே வாக்காளராகப் பதியலாம் என்கிறார்கள். 18 ஆகட்டும் என்று விட்டால் என்ன கெட்டுப்போகும்?
– ஒரு தாய், ஃபீனிக்ஸ்

பதில்: தென்னாப்பிரிக்காவில் ஓட்டுப் போடத்தான் 18 வேண்டும் அம்மா. பதிந்துகொள்ள 16 போதும். 18 ஆனதும் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறிவிடும். முதலில் உள்துறை அலுவலகமான ஹோம் அஃபேர்ஸில் ஸ்மார்ட் ஐடி என்ற அடையாள அட்டையை எடுத்துக்கொடுங்கள். முதல் அட்டைக்குக் கட்டணம் கிடையாது. அது கையில் வந்ததும் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே பதிந்துவிடலாம். முகவரியைச் சொன்னால் போதும், அதற்குச் சான்று கேட்பதில்லை.

தள்ளிப்போட்டால் கெடுவது இதுதான்: தேர்தல் தேதி அரசிதழில் வெளியான அன்றே பட்டியல் மூடப்படுகிறது. தெருவில் போஸ்டர் தொங்குவதைப் பார்த்த பிறகு நினைத்துக்கொள்கிற பிள்ளைகள் பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஓட்டுப் போட மனமில்லாதவர்கள் என்று இவர்களைத் திட்டுவது நியாயமில்லை.

முகவரியிலும் கவனம் வேண்டும். நகராட்சித் தேர்தலில், பதிந்திருக்கும் சாவடியில் மட்டுமே ஓட்டுப் போட முடியும். கேப் டவுனில் படிக்கப் போகும் பிள்ளை ஃபீனிக்ஸ் முகவரியிலேயே இருந்தால், அன்றைக்கு ஊருக்கு வந்தால்தான் ஓட்டு. எங்கே தங்குகிறானோ அங்கே மாற்றிக்கொள்ளட்டும். பதிவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஐடி எண்ணை 32810க்கு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு ராண்ட் செலவு.

கேள்வி: சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மாதிரித் தேர்தல் நடத்த நினைக்கிறோம். நகராட்சித் தேர்தலில் ஆளுக்கு இரண்டு சீட்டு ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் எப்படி விளக்குவது?
– தமிழ் ஆசிரியை, சாட்ஸ்வர்த்

பதில்: வாயால் விளக்காதீர்கள், எண்ண வையுங்கள். டர்பனை உள்ளடக்கிய எதேக்வினி மாநகராட்சியில் 2021 தேர்தலில் 111 வார்டு, 222 இடம். பாதி இடத்தை வார்டில் ஜெயித்தவர்கள் நிரப்புவார்கள். மீதிப் பாதி கட்சிப் பட்டியலிலிருந்து வரும். இதையே சின்னதாக்கி, 30 பிள்ளைகளை ஆறு ஆறு பேராக ஐந்து வார்டாகப் பிரியுங்கள். மன்றத்தில் 10 இடம். கட்சிகள் மா, பலா, வாழை. ஆளுக்கு இரண்டு ஓட்டு, வார்டு வேட்பாளருக்கு ஒன்று, கட்சிப் பட்டியலுக்கு ஒன்று; மொத்தம் 60.

வார்டுச் சீட்டில் மாவுக்கு 17, பலாவுக்கு 8, வாழைக்கு 5 என்றும், பட்டியல் சீட்டில் 16, 10, 4 என்றும் விழுந்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டுங்கள்: 33, 18, 9. அடுத்து, ஓர் இடத்துக்கு எத்தனை ஓட்டு வேண்டும் என்ற கணக்கு. 60ஐ 10ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 7. பின்னம் வந்தால் விட்டுவிட வேண்டும். சுயேச்சை யாராவது வார்டில் ஜெயித்தால் அந்த இடத்தைப் பத்திலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். 7ஆல் வகுத்தால் மாவுக்கு 4, பலாவுக்கு 2, வாழைக்கு 1 கிடைத்து, 5, 4, 2 மீதி நிற்கும். இன்னும் மூன்று இடம் பாக்கி; மீதி அதிகமுள்ள வரிசையில் கொடுத்தால் ஆளுக்கு ஒன்று. முடிவு 5, 3, 2.

மா நான்கு வார்டும் பலா ஒரு வார்டும் ஜெயித்திருந்தால், பட்டியலிலிருந்து மாவுக்கு 1, பலாவுக்கு 2, வாழைக்கு 2. ஒரு வார்டுகூட ஜெயிக்காத வாழைக்கு இரண்டு இடம் எப்படி என்று பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், பாடமே அங்கேதான். மாவுக்கு ஏற்கெனவே வார்டில் நிறையக் கிடைத்துவிட்டது. பட்டியல் அந்தச் சாய்வை நிமிர்த்துகிறது.

வழக்கமாக நடக்கும் பிழை, நேரமாகிவிட்டது என்று கையைத் தூக்கச் சொல்வது. ரகசியம் போனால் தேர்தலே போயிற்று. ஓர் அட்டைப்பெட்டியும் மேசை மறைப்பும் போதும். சீட்டின் பின்புறம் முத்திரை குத்தியே கொடுங்கள். முத்திரை இல்லாத சீட்டு எண்ணிக்கையில் சேராது. வேண்டுமென்றே சில வில்லங்கச் சீட்டுகளையும் கலந்து, கட்சி முகவர்களாக இருக்கும் பிள்ளைகளை வாதாட விடுங்கள். டிக் போட்டது செல்லுமா? யாருக்கு என்பது தெளிவாக இருந்தால் செல்லும். இரண்டு கட்சிக்குக் குறியிட்டதும் ஓட்டுப் போட்டவர் பெயர் எழுதியதும் செல்லாது.

கேள்வி: பள்ளியில் மாணவர் பிரதிநிதி மன்றத்துக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கேக் விற்பதைத் தவிர வேறு வேலை கொடுப்பதில்லை.
– பத்தாம் வகுப்பு மாணவி, டொங்காட்

பதில்: 1996ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டம் உங்களுக்குக் கேக்கைவிடப் பெரிய இடம் கொடுத்திருக்கிறது. எட்டாம் வகுப்போ அதற்கு மேலோ உள்ள பள்ளியின் நிர்வாகக் குழுவில், உங்கள் மன்றம் தேர்ந்தெடுக்கும் மாணவர்களும் உறுப்பினர்கள். 18 ஆகாதவர்கள் பள்ளியைக் கடனிலோ ஒப்பந்தத்திலோ மாட்டிவிடக்கூடிய தீர்மானங்களில் மட்டும் ஓட்டுப் போட முடியாது. வருடாந்தர பட்ஜெட்டுக்குப் பெற்றோர் கூட்டம் நடக்கும். 30 நாள் முன்பே அறிவிக்க வேண்டும், 14 நாள் முன்பே பட்ஜெட்டைப் பார்வைக்கு வைக்க வேண்டும். அந்த 14 நாளில் தாளை வாங்கிப் படியுங்கள். நூலகத்துக்கு எவ்வளவு, கழிப்பறைப் பராமரிப்புக்கு எவ்வளவு என்று இரண்டே கேள்வி எழுதி, கூட்டத்தில் கேட்க ஒரு பெற்றோரிடம் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவுக்கு நடைபாதை கேட்டு ஆகஸ்டில் கவுன்சிலரிடம் போனோம். பணமில்லை என்றார். சாக்குத்தானே?
– இளைஞர் குழு, வெருலம்

பதில்: சாக்காக இருக்காது, நீங்கள் போன காலம் அப்படி. நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. வரைவு பட்ஜெட்டை மார்ச் முடிவதற்குள் மன்றத்தில் வைக்க வேண்டும். மக்கள் கருத்து சொல்வது அதற்கு அடுத்த வாரங்களில்தான். மே மாத முடிவில் ஒப்புதலுக்குப் போய்விடும். ஆகவே ஏப்ரலில் எழுத்தில் கொடுங்கள்: வார்டு எண், தெரு, எந்த மூலையிலிருந்து எந்த மூலை வரை, எத்தனை மீட்டர், எந்தப் பள்ளிப் பிள்ளைகள் நடக்கிறார்கள். “எங்கள் பகுதியை மேம்படுத்துங்கள்” என்ற கடிதத்தை பட்ஜெட்டின் எந்தச் செலவுத் தலைப்பிலும் சேர்க்க முடியாது. நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்க மறக்காதீர்கள். வார்டு குழுவில் கவுன்சிலர் போகப் பத்துப் பேர் வரை இருக்கலாம். உங்களில் ஒருவர் அதில் நுழையப் பாருங்கள். எரியாத தெருவிளக்கு வேறு கதை. அதற்குப் பழுதுப் புகார் கொடுத்து எண் வாங்கினால் போதும்.

கேள்வி: “நாங்கள் அன்றைக்கு ஓட்டுப் போடாமல்தான் ஜெயித்தோம்” என்கிறார் தாத்தா. நான் ஏன் போட வேண்டும்?
– மாணவர், லெனேசியா

பதில்: தாத்தா சொல்வது உண்மை. 1984 ஆகஸ்டில் நிறவெறி அரசு இந்தியர்களுக்கென்று தனி அவை வைத்துத் தேர்தல் நடத்தியபோது, பதிந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் சாவடிக்குப் போனார்கள். கறுப்பின மக்களை வெளியே நிறுத்திவிட்டு நமக்குக் கொடுத்த நாற்காலி அது. நேட்டால் இந்தியக் காங்கிரஸும் மற்றவர்களும் வீடு வீடாகப் போய்ப் பேசி நடத்திய புறக்கணிப்பு. இப்போது வீட்டில் படுத்துக்கொள்வதை அதோடு சேர்க்க முடியாது. செல்லுபடியான ஓட்டை வைத்துத்தான் இடம் பிரிக்கிறார்கள்; உங்கள் ஓட்டு விழாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டுக்குக் கனம் கூடும். அவர் யாருக்குப் போடுவார் என்று தெரியுமா?

கேள்வி: முதல் ஓட்டு. சீட்டோடு ஒரு செல்ஃபி எடுக்கலாமா?
– மாணவி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: கூடாது. குறியிட்ட சீட்டைப் படமெடுப்பது குற்றம். வெளியே வந்து, மை பூசிய இடது கட்டைவிரலை எத்தனை படம் வேண்டுமானாலும் எடுங்கள்.