டிக்டேஷன் பதிவு எந்தக் கோப்புக்கு என்று தெரியவில்லையா?

மூன்று அதிகாரிகள் தட்டச்சுக்காகச் சொல்லிப் பதிவுசெய்யும் டிக்டேஷனும் ஒரே ஃபோல்டரில் விழுவதால் எது எந்த அலுவலகக் கோப்புக்கு என்று தெரியவில்லை என்கிறீர்கள். முதலில் ஒலிப்பதிவின் பெயரை இப்படி மாற்றுங்கள்: 2025-03-14_கசி_0452_01. அதாவது தேதி, சொன்னவரின் இனிஷியல், கோப்பு எண், அன்றைய வரிசை. ஆண்டு முன்னால் இருந்தால்தான் பட்டியல் கால வரிசையில் நிற்கும். கோப்பு எண்ணில் சாய்கோடு இருந்தால் விண்டோஸ் ஏற்காது, அடிக்கோடு போடுங்கள்.

ரெக்கார்டர் காட்டும் தேதியை அப்படியே நம்பாதீர்கள். பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் பழைய நாளுக்குப் போய்விடலாம். அதனால் பதிவின் தொடக்கத்திலேயே கோப்பு எண்ணைச் சொல்லவைப்பதுதான் மிக முக்கியம், கெஞ்சியாவது பழக்குங்கள். ஒரு பதிவில் ஒரே கடிதம்.

பதிவின் பெயரைத் தட்டச்சு நகலின் அடியில் சிறிதாக அச்சிடுங்கள். 'வந்தது', 'தட்டச்சானது', 'கையெழுத்தானது' என மூன்று ஃபோல்டர் போதும். வேலை முடிய முடியப் பதிவை அடுத்த ஃபோல்டருக்கு நகலெடுக்காமல் நகர்த்துங்கள், இல்லையென்றால் ஒரே கடிதம் இரண்டு முறை தட்டச்சாகும். கையெழுத்தாகும்வரை ஒலியை அழிக்காதீர்கள்.