அந்துப்பூச்சி விற்றுப் படித்தவள்

அன்புள்ள அண்ணா,

நீங்கள் சொன்னதால் 'எ கேர்ள் ஒஃப் த லிம்பர்லோஸ்ட்' நாவலை வாசித்தேன். கதாநாயகி எல்நோராவைப் பிடித்துவிட்டது. ஆனால் அந்த அம்மா! ஹைஸ்கூலுக்குக் காசு கட்டவேண்டும் என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல், பழைய சட்டையோடு அனுப்பிப் பிள்ளையை அவமானப்பட விடுகிறாள். இப்படி ஒரு தாயைத் தரம் பத்துப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

ஓர் ஆசிரியை, ஒட்டுசுட்டான்

அன்புள்ள ரீச்சர்,

அந்த அம்மாவுக்காகத்தான் காட்டச் சொல்கிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் ஜீன் ஸ்ட்ராட்டன்-போர்ட்டர் 1909இல் வெளியிட்ட நாவல். நடை பழசு, நல்லவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே நல்லவர்கள், அதெல்லாம் சரி. ஆனால் அந்த அம்மா கேத்தரின் பிரசவ வலியில் கிடக்கும்போது புருஷன் லிம்பர்லோஸ்ட் சதுப்புக்குள் அமிழ்கிற சத்தம் கேட்கிறது, எழுந்து ஓட முடியவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அன்றைக்குப் பிறந்த பிள்ளையின் முகத்தில் அவள் அந்த இரவைத்தான் பார்க்கிறாள். காணியில் ஒரு மரம் விற்கவும் விடமாட்டாள், காசில்லை என்றும் சொல்வாள். வன்னியில் இருக்கிற நமக்கு இந்த வீட்டை யாராவது விளக்கவேண்டுமா? 2009க்குப் பிறகு ஒரு சேட்டை மடித்து வைத்துக்கொண்டு ஆள் வருவார் என்று காத்திருக்கிறவர்கள் உங்கள் பிள்ளைகளின் வீடுகளிலேயே இருப்பார்கள். அவர்கள் எல்லாம் கேத்தரின்கள் என்று சொல்லவில்லை, பிழையாக விளங்கிவிடாதீர்கள். துக்கம் சிலவேளை பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் மேல்தான் விழும், அது பிள்ளையின் குற்றமில்லை என்பதை எனக்குச் சின்ன வயதில் ஒருவரும் சொல்லவில்லை.

எல்நோரா அந்துப்பூச்சி பிடித்து விற்றுத்தான் புத்தகம் வாங்குகிறாள். இங்கே 1945இலிருந்து இலவசக் கல்வி, ஆனாலும் நான் பாலைப்பழம் பொறுக்கிச் சுண்டால் அளந்து விற்ற காசில்தான் கொப்பி வாங்கினேன், விற்றதைவிடத் தின்றது அதிகம், உதடெல்லாம் பிசின். எல்நோராவுக்குச் சோறு போட்ட அந்தச் சதுப்பையும் எழுத்தாளர் வாழ்ந்த காலத்திலேயே வாய்க்கால் வெட்டி வடித்து வயலாக்கிவிட்டார்கள். நம் பாலை மரங்கள் லொறியில் போவதைப் பார்க்கும்போது எனக்கு அது ஞாபகம் வரும்.

பிற்பாதியில் பிலிப் என்று ஒருவன் வந்து காதல் கதையாகிவிடுகிறது. நான் அங்கே பக்கம் தள்ளிவிடுவேன். பிள்ளைகள் தள்ளமாட்டார்கள், அதைத்தான் ஒளித்து வைத்து வாசிப்பார்கள், வாசிக்கட்டும்.

ஆங்கிலம் கஷ்டமென்றால் முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பகுதியை மட்டும் தமிழில் கதையாகச் சொல்லிப் பாருங்கள். அப்புறம் அவர்கள் கேட்கிற கேள்விகளை எனக்கு எழுதுங்கள்.