சுழல்கதவுக்கு அடியில் நுழைந்தவர்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டிய ஜாக் ஹேவர்டு, நொடித்துக் கிடந்த வுல்வர்ஹாம்டன் கால்பந்து கிளப்பைச் சொந்தப் பணத்தைப் போட்டுத் தூக்கி நிறுத்தினார். பட்டாளத்துக் கட்டுப்பாடுதானே அதற்குக் காரணம்? நம் ஐ.பி.எல். முதலாளிகளையும் இரண்டு வருஷம் பட்டாளத்துக்கு அனுப்பினால் திருந்துவார்களா?
- முன்னாள் ராணுவ வீரர் ஒருவர், வேலூர்

பதில்: வேலூரிலிருந்து இந்தக் கேள்வி வருவதில் வியப்பில்லை. வீட்டுக்கு ஓர் ஆள் பட்டாளத்துக்குப் போன கிராமங்கள் உங்கள் பக்கம் உண்டு. ஆனால் சாட்சிக்குத் தப்பான ஆளைக் கூப்பிட்டுவிட்டீர்கள்.

ஹேவர்டின் போர்க்காலச் சேவையில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1923-இல் பிறந்தவர், பதினெட்டு வயதில் விமானப்படையில் சேர்ந்தார். ஃபுளோரிடாவில் பயிற்சி முடித்து, பர்மாவில் போரிட்ட பிரிட்டிஷ் 14-வது படைக்கு டகோட்டா என்ற சரக்கு விமானத்தில் சாமான் கொண்டுபோனார். டகோட்டா சண்டை விமானம் இல்லை, துப்பாக்கி கிடையாது. மலை, காடு, அடைமழை. மேகத்துக்குக் கீழே ஒரு திட்டு வெட்டவெளி தெரிந்தால் தாழ இறங்கி, மூட்டைகளைத் தள்ளிவிட்டு, எதிரே நிற்கும் மலையில் மோதாமல் எழும்பித் திரும்ப வேண்டும். லாரி போக வழியில்லாத இடங்களில் அந்தப் படை சோறு தின்றதே இந்த மூட்டைகளால்தான். அதில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். ராணுவப் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ் ஆட்களும் அங்கே இருந்தார்கள். அப்படி வந்து விழுந்த ஒரு மூட்டையை உங்கள் ஊர்த் தாத்தா யாராவது பிரித்திருக்கலாம்.

சரி, கட்டுப்பாட்டுக்கு வருவோம். கிளப்பை நடத்தியவரை அந்த மனிதரிடம் இல்லாத ஒரே சரக்கு அதுதான்.

1990-இல் 21 லட்சம் பவுண்டுக்கு வுல்வ்ஸை, அதாவது வுல்வர்ஹாம்டன் கிளப்பை, வாங்கினார். ஐம்பதுகளில் மூன்று முறை இங்கிலாந்து சாம்பியனான கிளப், 1986-இல் நான்காவது டிவிஷன் வரை விழுந்து, அப்போதுதான் இரண்டாவதற்கு ஏறி வந்திருந்தது. மோலினியூ மைதானத்தில் பாதி பாழடைந்து கிடந்தது. அதை 1993-க்குள் புதிதாகக் கட்டி முடித்தார். அது வரைக்கும் சபாஷ். அப்புறம் ஆட்டக்காரர்களை வாங்கினார், வாங்கினார், வாங்கிக்கொண்டே இருந்தார். மேனேஜர்கள் வந்தார்கள், போனார்கள். மொத்தம் ஏழு கோடி பவுண்டு இறைத்ததாகக் கணக்கு. என்னை வற்றாத பால்மடி என்று நினைத்துவிட்டார்கள் என்று அவரே ஒருமுறை புலம்பினார். கறக்கவிட்டவர் யாராம்?

இவ்வளவு இறைத்தும், இங்கிலாந்தின் உச்ச டிவிஷனான பிரீமியர் லீக் வாசலை மிதிக்கப் பதின்மூன்று வருஷம். 1995-இலும் 1997-இலும் மேலே ஏறுவதற்கான கடைசிக்கட்டப் போட்டிகளான பிளே-ஆஃபில் மண்ணைக் கவ்வினார்கள். 2002 இன்னும் கொடுமை. 11 புள்ளி முன்னிலையைக் கோட்டைவிட்டு, நேராக ஏறும் இடத்தைப் பக்கத்து ஊர்ப் பங்காளி வெஸ்ட் பிராம்விச்சிடம் பறிகொடுத்தார்கள். கடைசியில் 2003 மே 26, கார்டிஃப் மைதானத்தில் பிளே-ஆஃப் இறுதியில் ஷெஃபீல்டு யுனைடெட்டை 3-0 என்று வென்றார்கள். ஹேவர்டுக்கு எண்பது வயது நிறைய 19 நாள் பாக்கி. அந்தச் சந்தோஷமும் ஒரே சீசன்தான். மறுவருஷம் கடைசி இடம், இறங்கு கீழே!

அப்புறம் ஏன் செய்தார்? அவர் பிறந்த தெரு மோலினியூவுக்குப் பக்கம். சின்னப் பையனாக, டிக்கெட் வாங்காமல் மைதானத்தின் சுழல்கதவுக்கு அடியில் தவழ்ந்து உள்ளே போனதாக அவரே சொல்லியிருக்கிறார். டூரிங் டாக்கீஸ் கீற்றை விலக்கிப் புகுந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விமானப்படைச் சீருடையைப் போடுவதற்குப் பல வருஷம் முன்பே ஆள் வுல்வ்ஸ் பைத்தியம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இவருக்குப் பட்டப்பெயர் 'யூனியன் ஜாக்'. அவ்வளவு தேசபக்தி! வசித்ததோ வருமான வரியே இல்லாத பஹாமாஸ் தீவில். சம்பாதித்ததும் பெரும்பாலும் அங்கே, ஃப்ரீபோர்ட் நகரை உருவாக்கிய தொழிலில். தகப்பனாரும் பெரிய தொழிலதிபர். தாய்நாட்டுக்கு வரியாகப் போயிருக்க வேண்டியது நன்கொடையாகப் போனது என்று யாராவது குத்தினால், என்னிடம் பதில் இல்லை.

ஆனால் நன்கொடை நிஜம். ஃபாக்லண்ட் தீவில் துருப்பிடித்துக் கிடந்த 'கிரேட் பிரிட்டன்' கப்பலை 1970-இல் பிரிஸ்டலுக்கு இழுத்துவர ஒன்றரை லட்சம் பவுண்டு கொடுத்தார். ஆண்களுக்கு உலகக் கோப்பை கிரிக்கெட் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1973-இல், பெண்களுக்கு நடந்ததே, அதற்கு 40,000 பவுண்டும் இவர் பணம்தான். இன்றைக்கு மகளிர் கிரிக்கெட்டில் கோடிகள் புரளுவதைப் பார்த்து முதலீடு செய்கிற நம் ஆட்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம். ஒரு பைசா திரும்பி வராது என்று தெரிந்த காலத்தில் கொடுத்த பணம் அது.

நீங்கள் சொல்லும் கட்டுப்பாடு அவரிடம் தெரிந்தது ஒரே ஒரு இடத்தில். 2007-இல் கிளப்பை ஸ்டீவ் மார்கன் என்ற கட்டுமானத் தொழிலதிபரிடம் விற்றார். விலை: பத்து பவுண்டு. அன்றைய மதிப்பில் நம் பணம் எண்ணூறு ரூபாய்ச் சொச்சம். போட்ட முதலைத் தா என்று கேட்கவில்லை. ஒரே நிபந்தனை, மூன்று கோடி பவுண்டைக் கிளப்பில் போட வேண்டும். மார்கன் போட்டார், 2009-இல் அணி மறுபடி பிரீமியர் லீக் ஏறியது. ஹேவர்டு அதைப் பார்த்துவிட்டு, 2015 ஜனவரியில், 91 வயதில்தான் போனார். மைதானத்தில் ஒரு ஸ்டாண்டுக்கு இப்போது அவர் பெயர்.

ஆகவே நம் முதலாளிகளைப் பட்டாளத்துக்கு அனுப்ப வேண்டாம், பாவம், பட்டாளம் என்ன தப்பு செய்தது? அணியை வாங்க வருகிறவரிடம் ஒரே கேள்வி கேட்டால் போதும்: சின்ன வயதில் இந்த மைதானத்துக்குள் நீங்கள் எந்தச் சுவர் ஏறிக் குதித்தீர்கள்?