சிங்கப்பூர்–டோக்கியோ: போகும்போது 8 மணி நேரம், திரும்பும்போது ஆறரை மணி நேரமா?

வணக்கம். காலை 10 மணிக்குச் சிங்கப்பூரில் கிளம்பி மாலை 6 மணிக்கு டோக்கியோ சேர்வதாகவும், திரும்பும்போது காலை 10 மணிக்குக் கிளம்பி மாலை 4.30க்கே வந்துவிடுவதாகவும் பயணச்சீட்டில் இருப்பதைக் கண்டு குழம்பியிருக்கிறீர்கள். சீட்டில் அச்சிடப்படுபவை அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள்; டோக்கியோ கடிகாரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால், உண்மையில் போவதற்கு 7 மணி நேரமும் திரும்புவதற்கு ஏழரை மணி நேரமும் ஆகின்றன.

அதாவது, நீங்கள் நினைத்ததற்கு நேர்மாறாக, திரும்பும் பயணமே நீளமானது. நேர்கோட்டுத் தொலைவு இரு திசையிலும் ஏறத்தாழ 5,300 கிலோமீட்டர்தான். ஆனால் ஜப்பானுக்கு மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகமான காற்றோட்டம் போகும்போது தள்ளிவிட்டு, திரும்பும்போது எதிர்த்து நிற்கிறது. குளிர்காலத்தில் இக்காற்று வலுப்பதால் வித்தியாசம் இன்னும் கூடலாம். இறங்கியபின் இணைப்பு விமானம் இருந்தால், அதையும் உள்ளூர் நேரப்படியே கணக்கிடுங்கள்.