வாசகர் கேள்வி–பதில்: ஆய்வுக்குப் போக எந்த விசா, எந்தக் கடிதம்?

கேள்வி: பர்மாவில் நகரத்தார் நடத்திய லேவாதேவி பற்றிப் பிஎச்.டி. செய்கிறேன். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள, வெள்ளைக்காரர் ஆட்சிக் கால இந்தியா ஆபீஸ் ஆவணங்களை ஆறு வாரம் பார்க்க வேண்டும். ‘டூரிஸ்ட் விசாவில் போய் வந்துவிடு, ஆராய்ச்சி என்று வாயைத் திறக்காதே’ என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?
– ஆய்வு மாணவி, காரைக்குடி

பதில்: வாயைத் திறப்பதுதான் உங்களுக்கு நல்லது. பிரிட்டனில் சுற்றுலாவுக்கென்று தனி விசா கிடையாது. ஊர் சுற்றுபவர், மகள் வீட்டுக்குப் போகிறவர், ஆவணக் காப்பகத்தில் உட்காருகிறவர் எல்லாருக்கும் ‘ஸ்டாண்டர்டு விசிட்டர்’ என்ற ஒரே விசாதான். 6 மாதம் வரை தங்கலாம். உங்கள் ஆய்வுக்குத் தகவல் திரட்டலாம். அங்கே வேலை பார்த்துச் சம்பளம் வாங்கக் கூடாது. அனுமதித்த காரியத்தை எதற்காக மறைக்க வேண்டும்? கைப்பையில் ஆய்வேட்டுக் குறிப்புகளை வைத்துக்கொண்டு ‘சுற்றிப் பார்க்க வந்தேன்’ என்றால் லண்டன் விமான நிலையத்தில்தான் சிக்கல் தொடங்கும். விண்ணப்பத்தில் பொய் சொன்னதாக முடிவு செய்தால் 10 ஆண்டு வரை விசா மறுக்க அவர்கள் சட்டத்தில் இடம் இருக்கிறது.

நூலகம் உங்களுக்கு ஸ்பான்சர் ஆகாது, வாசகர் அட்டை மட்டும் தரும். ஆகவே பாரம் முழுதும் உங்கள் பல்கலைக்கழகக் கடிதத்தின் மேல்தான். ‘இவர் எங்கள் மாணவி, நல்லவர், உதவி செய்யவும்’ என்ற ரகக் கடிதம் பயன்படாது. ஆய்வுத் தலைப்பு, பதிவு செய்த தேதி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை லண்டனில் இருப்பீர்கள், செலவு யாருடையது, உதவித்தொகை அந்த ஆறு வாரமும் தொடருமா, திரும்பி வந்து ஆய்வேட்டை எப்போது ஒப்படைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நெறியாளரோடு பதிவாளரும் கையெழுத்திட்டால் வலு அதிகம்.

கூடவே ஒரு பக்கத்தில், பார்க்கப்போகும் கோப்புகளின் பட்டியலை நூலக எண்ணோடு எழுதுங்கள். 1929–30 பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை போல அச்சில் வந்தவற்றை இங்கேயே தேடிப் படித்துவிட்டு, அங்கே மட்டுமே கிடைக்கிற கையெழுத்துக் கோப்புகளைப் பட்டியலில் வையுங்கள். ‘இதற்கு ஏன் லண்டன்?’ என்ற கேள்விக்கு அதுவே பதில். 2023 அக்டோபர் இணையத் தாக்குதலில் அந்த நூலகத்தின் சேவைகள் நெடுநாள் முடங்கிக் கிடந்தன. ஆகவே உங்கள் கோப்புகள் எடுத்துத் தரும் நிலையில் உள்ளனவா என்று மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலையும் இணைத்துவிடுங்கள்.

பயணத்துக்கு 3 மாதம் இருக்கும்போதுதான் விண்ணப்பம் திறக்கும். சென்னையில் கைரேகை கொடுத்தபின் முடிவு வர வழக்கமாக 3 வாரம். தமிழில் உள்ள பத்திரம், சான்றிதழ் எதுவானாலும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் மொழிபெயர்த்தவரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம் இல்லாவிட்டால் அந்தத் தாளைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் பெயருக்கு முன் நான்கு எழுத்து ‘விலாசம்’ (முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள்) போடுவது வழக்கம். என் கட்டுரைகளெல்லாம் அப்படித்தான் வந்திருக்கின்றன. பாஸ்போர்ட்டில் வெறும் பெயர் மட்டும். போதாக்குறைக்கு நான் சுவீகாரம் போனவன். பள்ளிச் சான்றிதழில் பெற்ற தகப்பனார் பெயர் இருக்கிறது. அமெரிக்கா போக விசாவுக்கு எந்தப் பெயரைக் கொடுப்பது?
– தேவகோட்டை வாசகர்

பதில்: விலாசம் விசா அதிகாரிக்கு விளங்காது. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்து மாறாமல் எல்லா இடத்திலும் இருக்க வேண்டும். அழைக்கும் பல்கலைக்கழகத்துக்கு முதல் மின்னஞ்சலிலேயே பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலை அனுப்புங்கள். பலரும் கட்டுரையில் வந்த பெயரைச் சொல்லி, அழைப்புக் கடிதம் அந்தப் பெயரில் வந்தபின் விழிக்கிறார்கள். கட்டுரைப் பெயரை அமெரிக்காவின் டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் ‘வேறு பெயர்கள்’ என்ற கேள்விக்குச் சொல்லலாம். தன்விவரக் குறிப்பிலும் ‘கட்டுரைகளில் இந்தப் பெயர்’ என ஒரு வரி போதும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருந்தால் அமெரிக்கப் படிவத்தில் உங்கள் பெயரைக் குடும்பப்பெயர் கட்டத்தில் போட்டு, முதற்பெயர் கட்டத்தில் எஃப்என்யூ (‘முதற்பெயர் தெரியாது’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று நிரப்ப வேண்டும். பின்னால் அங்கே வங்கிக் கணக்கிலும் ஓட்டுநர் உரிமத்திலும் ‘எஃப்என்யூ’ என்பதே உங்கள் பெயராகிவிடும். நாள் இருந்தால் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தில் பெயரைப் பிரித்துப் போட்டு மறுபதிப்பு வாங்கிக்கொள்வது மேல்.

சுவீகாரத்துக்குப் பதிவான பத்திரம் இருந்தால் கவலையில்லை. 1956 சட்டம் அதை முறையான தத்து என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. நகலும் மொழிபெயர்ப்பும் கையில் இருக்கட்டும். ஊர் கூடிச் செய்த சடங்கு மட்டும்தான், பத்திரம் இல்லை என்றால் முதலில் வக்கீலைப் பாருங்கள், விசா அப்புறம்.

கேள்வி: மின்வேதியியலில், மின்கலம் சார்ந்த ஆய்வில் இருக்கிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று 5 மாதத்துக்கு அழைக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– விஞ்ஞானி, காரைக்குடி

பதில்: முதல் வேலை, உங்கள் நிறுவனத்தின் வெளிநாட்டுப் பயண அனுமதி. அது கைக்கு வரும்வரை மற்றவை ஓடினாலும் பயனில்லை.

அடுத்து அழைக்கும் பல்கலைக்கழகத்தில் கேட்க வேண்டியது, பரிமாற்றத் திட்டத்தில் வருகிறவர்களுக்கான ஜே-1 விசாவுக்கு அவர்கள் தரும் டிஎஸ்-2019 என்ற தகுதிப் படிவம். இதில் எந்தப் பிரிவு என்பதைக் கவனிக்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். ‘ஷார்ட் டேர்ம் ஸ்காலர்’ என்றால் 6 மாதம் உச்சம், நீட்டிப்பு கிடையாது. ‘ரிசர்ச் ஸ்காலர்’ என்றால் 5 ஆண்டு வரை போகலாம். ஆனால் அந்தத் திட்டம் முடிந்தபின் 24 மாதம் அதே பிரிவில் மறுபடி போக முடியாது. 5 மாதத்துக்கு ரிசர்ச் ஸ்காலர் வாங்கி, அடுத்த ஆண்டு நல்ல வாய்ப்பு வரும்போது கையைப் பிசைய வேண்டாம். முதலாவதையே கேளுங்கள்.

படிவம் வந்ததும் அதில் ‘என்’ என்று தொடங்கும் எண்ணைக் கொண்டு செவிஸ் (வெளிநாட்டு மாணவர், ஆய்வாளர்களை அமெரிக்க அரசு பதிந்து வைக்கும் ஏற்பாடு) கட்டணம் 220 டாலர் கட்டுங்கள், ரசீது வேண்டும். பிறகு டிஎஸ்-160, விசாக் கட்டணம், கைரேகைக்கு ஒரு நாள், சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு ஒரு நாள். சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப் பார்வைக்குத் திறந்து வைக்கச் சொல்வது 2025 ஜூனிலிருந்து வழக்கம். மருத்துவக் காப்பீடு ஒரு நோய்க்குக் குறைந்தது 1,00,000 டாலர், உடலைத் தாயகம் கொண்டுவர 25,000, சிகிச்சைக்கு இடம் மாற்ற 50,000. நம்மூர் சுற்றுலாக் காப்பீட்டில் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

உங்கள் துறைக்கு 221(ஜி) சீட்டு வரும் என்று எண்ணியே தேதி குறியுங்கள். சட்டப்படி அது மறுப்புத்தான், ஆனால் இறுதி மறுப்பு அல்ல, கூடுதல் சரிபார்ப்பு. எத்தனை வாரம் என்று சொல்ல மாட்டார்கள். தன்விவரம், கட்டுரைப் பட்டியல், ஆய்வுத் திட்டம், அழைத்த பேராசிரியர் விவரம், முந்தைய பயணங்கள் ஆகியவற்றைக் கேட்பார்கள். எல்லாவற்றையும் நேர்காணலுக்கே எடுத்துப் போங்கள். ஆய்வுத் திட்டம் ஒரு பக்கம், வேதியியல் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி: என்ன மின்கலம், எதற்குப் பயன், முடிவுகள் வெளியிடப்படுமா. நிதி வாங்குவதற்காக எழுதிய பெரிய சொற்களை, ‘பாதுகாப்புத் துறைக்கும் பயன்படும்’ போன்றவற்றை, இங்கே அப்படியே ஒட்டாதீர்கள். தாமதமானால் டிஎஸ்-2019 தேதியைத் தள்ளிப்போட அழைத்தவர்களால் முடியும். விசா வரும்வரை டிக்கெட் எடுக்க வேண்டாம். தொடக்க நாளுக்கு 30 நாளுக்கு முன் அங்கே இறங்கவும் முடியாது.

இரண்டு ஆண்டு தாயகத்தில் இருந்தே ஆக வேண்டும் என்ற 212(இ) விதி பழைய ஆட்கள் பயமுறுத்தும் விஷயம். எந்த நாட்டவர், எந்தத் துறையினர் அதற்கு உட்படுவர் என்று சொல்லும் அமெரிக்க அரசின் ‘திறன் பட்டியலிலிருந்து’ 2024 டிசம்பரில் இந்தியா நீங்கிவிட்டது. அரசு நிதியில் போகிறவர்களுக்கு, ஃபுல்பிரைட் உட்பட, அது இன்னும் உண்டு.

கேள்வி: உதவித்தொகை குறைவு. எங்களுக்கு இரண்டு கட்டு வளவு வீடு இருக்கிறது. அதன் மதிப்பைக் காட்டினால் போதாதா?
– கானாடுகாத்தான் வாசகி

பதில்: பதினைந்து புள்ளிக்கு (குடும்பத்துக்கு) பங்குள்ள வீட்டை எப்படிப் பணமாகக் காட்டுவீர்கள்? பத்திரம் உங்கள் வேர் இங்கே என்று சொல்லும், டிக்கெட் வாங்காது. அதிகாரி பார்ப்பது வங்கிக் கணக்கின் 6 மாத நடமாட்டம். பத்தாயிரம் இருந்த கணக்கில் விண்ணப்பத்துக்கு முதல் வாரம் ஐந்து லட்சம் விழுந்தால் கடன் வாங்கிக் காட்டுகிறார் என்றே நினைப்பார். தகப்பனாரோ அண்ணனோ செலவை ஏற்றால், அவருடைய வருமானவரிக் கணக்கு, வங்கி ஸ்டேட்மென்ட், உறவைக் காட்டும் சான்று, ஏற்பதாகக் கடிதம் என நான்கும் வையுங்கள்.

கேள்வி: மலேசியாவுக்கு விசாவே வேண்டாமாமே? ஈப்போ பக்கம் செட்டிகள் பற்றி முதியவர்களைப் பேட்டி எடுக்கப் போகலாமா?
– பள்ளத்தூர் வாசகர்

பதில்: இந்தியருக்கு விசா இல்லாமல் 30 நாள் என்பது 2023 டிசம்பரில் வந்த சலுகை, உறவினரைப் பார்க்க, கோயிலுக்குப் போக அது. வெளிநாட்டவர் அங்கே ஆய்வு நடத்த அரசின் முன் அனுமதியும் உள்ளூர்ப் பல்கலைக்கழகத் தொடர்பும் தேவை. முதலில் அங்கே ஒரு துறையைப் பிடியுங்கள். அனுமதி மனு அவர்கள் வழியாகப் போனால்தான் நகரும். எந்த வகையில் போனாலும் இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப மறக்க வேண்டாம்.